பூனை இருக்குற வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தா... உங்க வீட்ல என்ன நடந்துச்சு?

எங்க வீட்ல ரெண்டு பூனை. வெள்ளச்சிக்கு ஆறு வயசு, சேட்டுக்கு ரெண்டு. போன ஐப்பசி மழையில தெருமுனைச் சாக்கடைப் பலகைக்கு அடியில கத்திக்கிட்டுக் கிடந்த நாட்டு நாய்க்குட்டியை என் மகன் சட்டைக்குள்ள வச்சுத் தூக்கிட்டு வந்துட்டான். நாப்பத்தஞ்சு நாள் குட்டி இருக்கும்னாரு டாக்டர். பேரு புட்டு.

முதல் நாளே சொதப்பினது நான்தான். வெள்ளச்சியை மடியில அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "பாருடி, தம்பி வந்திருக்கான்"னு குட்டி மூஞ்சிக்கு நேரா காட்டினேன். ஓட வழியில்லாத பூனை என்ன செய்யும்? முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் மூணு கோடு. தடுப்பூசி போட்ட பூனைதான். இருந்தாலும் 0, 3, 7, 28-ம் நாள்னு ஜி.ஹெச்.சுக்கு நாலு நடை நடந்து நாய்க்கடி ஊசி போட்டுக்கிட்டேன்.

அப்புறம் குட்டிக்குப் பின்கட்டு ரூம். அது படுத்த பழைய துண்டைப் பூனைங்க சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல போட்டு வச்சேன். முதல் நாள் வெள்ளச்சி மோந்து பார்த்துச் சீறினவதான், சாளை மீன் வச்சும் தட்டுப் பக்கமே வரல. நாலாம் நாள் அந்தத் துண்டு மேலயே உக்காந்து சாப்பிட்டா. அதுக்கப்புறம்தான் நடுவுல ஒரு செங்கலை வச்சுக் கதவைக் கொஞ்சமா திறந்து விட்டேன்.

எல்லாரும் "குட்டியைப் பழக்குங்க"ன்னுதான் சொன்னாங்க. பூனைக்கு ஏறிக்க இடம் இருந்தாலே பாதிச் சண்டை வராதுங்கிறது என் கணக்கு. தையல் மிஷினைப் பீரோவோட ஒட்டித் தள்ளிப் போட்டேன். மிஷின், பீரோ, பரண்னு அவங்களுக்கு ஒரு படிக்கட்டு. வெள்ளச்சி பீரோ மேல படுத்து, வால் நுனியை மட்டும் படக் படக்னு அடிப்பா. கீழ புட்டு முன்னங்காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஆட்டி விளையாடக் கூப்பிடும். அவ வால் அடிச்சா எரிச்சல்னு அதுக்குப் புரிய மூணு வாரம் ஆச்சு. ஒருநாள் கீழ வந்தவ வாலைக் கடிக்கப் போச்சு. நகத்தை உள்ள இழுத்துக்கிட்டு மூக்கு மேல நாலு தட்டு தட்டினா. புட்டு அப்படியே உக்காந்துருச்சு.

ஒண்ணு மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லல. நாய்க்குட்டிக்குப் பூனைப் பீ அல்வா மாதிரி! மண் தொட்டியைக் குட்டி நுழைய முடியாத இடத்துக்கு மாத்துங்க.

—

அக்கா, எங்க கதை வேற. ராஜபாளையம் பக்கம் தோட்டவீடு, சிப்பிப்பாறைக் குட்டி. முயல் விரட்டுற ஜாதி. ஏழெட்டு மாசம் வரைக்கும் எங்க பூனையோட ஒரே சாக்குலதான் தூங்குச்சு. நானும் போட்டோவா எடுத்துத் தள்ளினேன். ஒருநாள் சாயங்காலம் பூனை களத்தைக் குறுக்கே ஓடுச்சு, அவ்வளவுதான். வேப்பமரம் இல்லன்னா பூனை இல்ல. வீட்டுக்குள்ள இன்னைக்கும் தொடாது, ஆனா வெளியில எது ஓடினாலும் அதுக்கு முயல்தான். அதனால பூனை வெளிய வந்தா நாயைக் கட்டிப் போட்டுருவேன். திட்டிப் பிரயோஜனமில்ல, அதை அதுக்காகவே வளர்த்திருக்காங்க.

—

உண்ணி மருந்து விஷயத்துல எல்லாரும் கொஞ்சம் கவனம். நாய்க்குக் கழுத்துல விடுற சில சொட்டு மருந்துல பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒண்ணும் செய்யாது; பூனை ஈரலால அதை உடைச்சு வெளியேத்த முடியாது. எங்க வீட்ல நாய்க்குப் போட்ட ராத்திரியே பூனை அதோட கழுத்தை நக்கிருச்சு. விடியக்காலை கால் வெட வெடன்னு நடுங்குச்சு, அப்புறம் வலிப்பு. ரெண்டு நாள் ட்ரிப்ஸ் ஏத்திப் பிழைச்சுது. ஒட்டிப் படுக்கிற ஜோடின்னா இன்னும் ஆபத்து. டாக்டர்கிட்ட "வீட்ல பூனையும் இருக்கு"ன்னு மறக்காம சொல்லுங்க.

—

இதைப் படிச்சதும் எந்திரிச்சுப் போய்ப் பார்த்தேன். திங்கக்கிழமை புட்டுக்கு வாங்கின டப்பா, இன்னும் பிரிக்கல. பெர்மெத்ரின்னே போட்டிருக்கு, ஓரத்துல பூனைப் படம் போட்டு மேல சிவப்புக் கோடு. நான் கவனிக்கவே இல்ல. டப்பா ஃப்ரிட்ஜ் மேல இருந்துச்சு, சேட்டு அதுல தலையைச் சாய்ச்சுத் தூங்கிக்கிட்டிருந்தான்.