பீனிக்ஸைக் குளிரவைப்பது மரமா, குழாய்த் தண்ணீரா?

நிழல்விரும்பி:
நாசா கோடார்ட் மையத்தின் லஹுவாரி பூனுவா குழு 2015-ல் வெளியிட்ட அமெரிக்க நகரங்கள் பற்றிய ஆய்வை இங்கே எடுத்துக்கொள்வோம். எங்கே தார், கான்கிரீட், கூரை, எங்கே என்ன வகைத் தாவரம் என்று லேண்ட்சாட், மோடிஸ் செயற்கைக்கோள் தரவுகளிலிருந்து பிரித்தெடுத்து, அதை ஒரு கணினி மாதிரியில் கொடுத்து ஓட்டினார்கள். கோடையில் நகரத்தின் மேற்பரப்பு சுற்றுப்புறத்தைவிடச் சராசரியாக 1.9 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூடு, குளிர்காலத்தில் 1.5. நீர் புகாத பரப்பு 35 விழுக்காட்டைத் தாண்டினால் சூடு ஏறுமுகம். 65 விழுக்காட்டில் 1.6 டிகிரி.

ஆனால் அரிசோனா மாநிலத்துப் பாலையில் இருக்கும் பீனிக்ஸ் போன்ற நகரங்களில் கதை தலைகீழ். கோடையில் சுற்றியுள்ள பாலையைவிட நகரம் குளிர்ச்சி, காரணம் நீர் பாய்ச்சி வளர்க்கும் புல்தரையும் மரங்களும். பாலையில் கட்டிய ஊருக்கே பசுமை கைகொடுக்கிறது என்றால் இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
மருந்தைச் சொன்னீர்கள், மருந்துச் செலவைச் சொல்லவில்லை.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. ஆவியானால் 1 லிட்டர். ஜூன் மாத பீனிக்ஸில் புல்தரை நாளுக்குச் சுமார் 7 மி.மீ. இழுக்கும். 100 சதுர மீட்டர் புல்லுக்கு 700 லிட்டர், அதுவும் தினசரி. அந்த ஊரின் ஆண்டு மழை 180 மி.மீ. சொச்சம்தான். வருஷம் முழுக்கப் பெய்ததைச் சேர்த்துவைத்தாலும் அந்தப் புல்லுக்கு 26 நாளைக்கு மேல் வராது. மீதி ஆற்றிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் வருகிறது.

பலன் இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு லிட்டர் ஆவியாக 0.68 யூனிட் வெப்பம் வேண்டும். 700 லிட்டர் ஏறக்குறைய 476 யூனிட் வெப்பத்தை விழுங்கும். நான்கு 1.5 டன் ஏசி நாள் முழுக்க ஓடினால் அறையிலிருந்து இழுக்கும் வெப்பத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ஏசி மூடிய அறையைக் குளிர்விக்கிறது. புல்லின் குளிர்ச்சியைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும்.

பக்கத்து மாநிலமான நெவாடா 2021-லேயே சட்டம் போட்டுவிட்டது. லாஸ் வேகாஸ் பகுதியில் யாரும் மிதிக்காத அலங்காரப் புல்லுக்கு 2026 முடிவோடு கொலராடோ ஆற்று நீர் கிடையாது. தனி வீடுகளுக்கு விலக்கு உண்டு.

நிழல்விரும்பி:
புல்லையும் மரத்தையும் ஒரே தராசில் போடுகிறீர்கள். பாலைக்குப் பழகிய மரத்துக்கு அதே பரப்புப் புல் குடிப்பதில் பாதிகூட வேண்டாம். அதோடு புல் நிழல் தராது. இதே பூனுவாவின் 2010 ஆய்வையும் பாருங்கள், தாவரத்தின் குளிர்ச்சி உலக அளவிலேயே கணக்கில் வருகிறது.

பாலைமணல்:
2010 ஆய்வை இங்கே இழுக்காதீர்கள், அது வேறு விஷயம். காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கானால் தாவரம் எப்படி எதிர்வினை காட்டும் என்பதே அதில் கேள்வி. இலைத்துளைகள் சுருங்கி நீர் வெளியேறுவது குறையும். மறுபக்கம், ஈரமும் சத்தும் உள்ள இடத்தில் இலைப்பரப்பு கூடி ஆவியாதல் அதிகரிக்கும். அந்தக் கூடுதல் இலையால் உலகச் சராசரியில் 0.3 டிகிரி, நிலப்பரப்பில் 0.6 டிகிரி தணியும் என்றார்கள். அந்தத் தணிப்பைக் கழித்த பிறகும் 1.94 டிகிரி ஏறும் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. மரம் நட்டால் உலகம் ஆறிவிடும் என்பதற்கு அது சான்று ஆகாது.

பீனிக்ஸுக்கு வருவோம். குளிர்ச்சி என்றால் எதைவிட? ஒப்பிடுவது வெறும் பாலை மண்ணோடு. காய்ந்த மண்ணில் ஆவியாக நீர் இல்லை, சூடு கீழே இறங்குவதும் மெதுவாகத்தான். அதனால் நண்பகலில் மேல்தோல் கொதிக்கிறது. அதன் பக்கத்தில் எதை வைத்தாலும் குளிர்ச்சியாகத்தான் தெரியும். பொழுது சாய்ந்தால் அந்த மண் சட்டென்று ஆறிவிடும், கான்கிரீட் விடியும்வரை கக்கும். 2023 ஜூலை 19 அன்று பீனிக்ஸில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை 36.1 டிகிரி. அதிகபட்சம் இல்லை, குறைந்தபட்சம்! ஜூன் 30 முதல் 31 நாள் தொடர்ந்து பகல் உச்சம் 43.3 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. ஏசிகள் வெளியே தள்ளும் வெப்பம் மட்டுமே சில பகுதிகளில் இரவுக் காற்றை ஒரு டிகிரிக்கு மேல் சூடாக்குகிறது என்று 2014-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு கணக்கிட்டது.

கணக்குப்பிள்ளை:
+1. செயற்கைக்கோள் பகல் 10.30-க்கும் 1.30-க்கும் எடுத்த வெப்பப் படத்தை வைத்துக்கொண்டு ஊரே குளுகுளு என்றால் எப்படி?

அளவுகோல்:
இல்லை, அங்கே தவறுகிறீர்கள். அது நேரடி வெப்பப் படம் இல்லை. செயற்கைக்கோளிலிருந்து எடுத்தது நிலப்போர்வை விவரம். வெப்பநிலை ‘சிப்-2’ மாதிரி போட்ட ஆற்றல் கணக்கில் வந்தது. தாவரத்தின் சுவாசம், நீர், வெப்பம் மூன்றையும் கணிக்க எழுதிய மாதிரி அது. இலை எவ்வளவு நீரை விடும் என்பதில் பலசாலி. இரண்டு மாடிச் சுவர்களுக்கு நடுவே வெயில் எப்படித் துள்ளும் என்று அதனிடம் கேட்கக் கூடாது.

நீங்கள் எல்லோரும் மூன்று வெவ்வேறு சூட்டைக் கலந்து பேசுகிறீர்கள். தரையின் சூடு ஒன்று. 1.5 மீட்டர் உயரத்தில் நிழற்பெட்டிக்குள் அளக்கும் காற்றின் சூடு இன்னொன்று. நின்றுகொண்டிருக்கும் ஆளின் மேல் எல்லாத் திசையிலிருந்தும் விழும் கதிர்வெப்பம் மூன்றாவது. பகலில் ஆளை வதைப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

பீனிக்ஸ் தெருக்களில் 2020-ல் வெளிர்நிறப் பூச்சு அடித்தார்கள். நண்பகலில் பூசிய தரை ஏறக்குறைய 6 டிகிரி குறைவு, இரவுக் காற்று 0.3 டிகிரி குறைவு. ஆனால் அதே நண்பகலில் அங்கே நிற்பவருக்கு வெப்பத் தாக்கம் 3 டிகிரி கூடியது. தரை உறிஞ்சாத வெயில் எங்கே போகும்? ஆள் மேல்தான். தரையை மட்டும் அளந்திருந்தால் முழு வெற்றி என்று எழுதியிருப்பார்கள்.

உங்கள் தெருவில் அளக்கப் போகிறீர்களா? 150 மி.மீ. செம்பு உருண்டைக்குப் பளபளப்பில்லாத கறுப்பு அடித்து, நடுவில் உணரியை வைத்து, 1.1 மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு 20 நிமிடம் பொறுத்துப் படியுங்கள். மரநிழலில் ஒன்று, வெயிலில் ஒன்று. அகச்சிவப்புத் துப்பாக்கி தார், மண், இலைக்குச் சரி. மினுங்கும் தகரக் கூரையில் அது பொய் சொல்லும்.

நிழல்விரும்பி:
நீங்கள் சொன்னதே என் கட்சிக்குத்தான் வலு. பூச்சு வெயிலைத் திருப்பி அடிக்கிறது, மரம் ஆள்மேல் விழுமுன் தடுக்கிறது. பீனிக்ஸ் நகராட்சி 2010-லேயே 2030-க்குள் 25 விழுக்காடு மரநிழல் என்று திட்டம் எழுதியது.

வேர்க்கால்:
எழுதுவது சுலபம். நட்டதில் எத்தனை நிற்கிறது என்பதுதான் விஷயம்.

அங்கே பல இடத்தில் மண்ணுக்கடியில் சுக்கான் மாதிரி சுண்ணாம்புப் படிவு கெட்டித்துக் கிடக்கும். குழி தோண்டியதும் நீர் நிரப்புங்கள். மறுநாளும் நின்றால் கடப்பாரையால் அடுக்கை உடைத்து வடிகால் விடவேண்டும். இல்லையென்றால் பாலையில் இருந்துகொண்டே வேர் அழுகிச் சாகும். குழியின் அகலம் கன்றின் வேரோடு வரும் தாய்மண் உருண்டையைப்போல் மூன்று மடங்கு, ஆழம் அந்த உருண்டையின் உயரம் மட்டும், ஒரு விரல்கூட அதிகம் வேண்டாம். தண்டின் அடி புதைந்தால் பட்டை அழுகும்.

அடுத்தது நீர். சொட்டுக்குழாயை அடிமரத்திலேயே விட்டுவைத்துத் தினமும் பத்து நிமிடம் திறப்பதுதான் மிகப் பெரிய தப்பு. வேர் மேலாக, ஒரே இடத்தில் சுருண்டுவிடும். மெஸ்கீட் மரம் (நம்மூரில் திட்டித் தீர்க்கும் சீமைக்கருவேலத்தின் பங்காளி) நன்றாகக் கிளைத்து, தலை கனத்து, ஜூலைப் புழுதிப் புயலில் வேரோடு சாய்வது இதனால்தான். ஓராண்டு கழிந்ததும் சொட்டுவாய்களைக் கிளை விரிந்த விளிம்புக்கு நகர்த்துங்கள். இடைவெளி விட்டு, 60 முதல் 90 செ.மீ. ஆழம் நனையும்வரை விடுங்கள். இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்தால் தெரியும்: ஈரமண் வரை வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த மண்ணில் முட்டி நிற்கும். முட்டுக்கொம்பையும் ஓராண்டில் எடுத்துவிடுங்கள். காற்றில் ஆடினால்தான் தண்டு தடிக்கும்.

பாலைமணல்:
இதை ஏற்கிறேன். ஆனால் நிழல் பகல் வேலை. அதே மரக்கூரை இரவில் தரை வானத்துக்கு விடும் வெப்பத்தைக் கொஞ்சம் பிடித்தும் வைக்கும். 36 டிகிரி இரவுக்கு மரம் பதில் இல்லை. அதற்குக் கான்கிரீட்டைக் குறைக்கவேண்டும்.

கணக்குப்பிள்ளை:
நானும் பாதி வழி வருகிறேன். பேருந்து நிறுத்தத்துக்கு மேற்கேயும் தென்மேற்கேயும் பாலைக்குப் பழகிய பாலோ வெர்டே மரம் நடுங்கள், பிற்பகல் வெயிலை மறைக்கட்டும். அதற்கான தண்ணீரை அலுவலக வாசல் புல்லைப் பிடுங்கி எடுங்கள்.

நிழல்விரும்பி:
பள்ளி மைதானப் புல்?

கணக்குப்பிள்ளை:
பிள்ளைகள் ஆடுகிற புல் இருக்கட்டும். அலுவலக வாசலில் புல்வெட்டும் இயந்திரத்தைத் தவிர வேறு யாரும் மிதிப்பதில்லை.