சினானிமஸ் மாற்றம் ஒன்று என் ஃபில்டரில் தொலைந்துபோகிறது – எங்கே தப்பு?

வைகைக்கரை:
வணக்கம். உயிர்த்தகவலியல் முதுகலை கடைசி ஆண்டு. ப்ராஜெக்ட்டுக்காக ஒரு ஆய்வகத்தில் எக்ஸோம் (மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகள்) தரவுகளை அலசிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதிய ஃபில்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, நோய் உண்டாக்கும் என்று உறுதியான 12 மாற்றங்களை ஒரு கோப்பில் போட்டு ஓட்டினேன். 11 வந்தன, ஒன்றைக் காணோம்.

காணாமல் போனது எல்எம்என்ஏ மரபணுவில் 1824ஆம் எழுத்தான சி, டி ஆக மாறுவது. புரோஜீரியா, அதாவது சின்ன வயதிலேயே உடம்பு மூப்படைந்துவிடும் நோய், இதனால்தான் வருகிறது. மாற்றங்களின் தாக்கத்தைக் கணிக்கும் விஇபி மென்பொருள் இதற்கு 'சினானிமஸ், தாக்கம்: லோ' என்று முத்திரை குத்துகிறது. நான் ஹை, மாடரேட் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுகிறேன். அமினோ அமிலமே மாறாத ஒன்று எப்படி நோயைத் தரும்? விஇபி முத்திரை தப்பா, என் ஃபில்டர் தப்பா?

தாமரைக்குளம்:
முதலில், ஒப்பிட எடுத்த மனித ஜீனோமின் பதிப்பைப் பாருங்கள். கோப்பு 37இல் இருந்து, நீங்கள் 38ஐ வைத்து ஓட்டினால் இடம் மாறிவிடும். எனக்கு இரண்டு முறை இப்படி ஆகியிருக்கிறது.

வைகைக்கரை:
பார்த்துவிட்டேன், இரண்டும் 38தான். மாற்றம் சரியான இடத்தில்தான் விழுகிறது. லோ என்பதால்தான் வெளியே போகிறது.

நுண்ணோக்கி:
விஇபி முத்திரை சரிதான். அந்த முத்திரைக்கு நீங்கள் கொடுத்த பொருள்தான் தப்பு. 'சினானிமஸ்' என்றால் அமினோ அமிலம் மாறவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். தீங்கில்லை என்று அது சொல்லவே இல்லை.

அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொற்களான கோடான்கள் 61, அமினோ அமிலங்கள் 20. அதனால் பல கோடான்களுக்கு ஒரே பொருள். உதாரணமாக, கிளைசினுக்கு நான்கு. உங்கள் மாற்றத்தில் 608ஆவது கோடான் ஜிஜிசி என்பது ஜிஜிடி ஆகிறது, இரண்டுமே கிளைசின். புரதம் செய்யும் ரைபோசோமுக்கு இதில் வித்தியாசம் தெரியாது. ஆனால் ரைபோசோமிடம் வருவதற்கு முன்பே, மரபணுவின் நகலான ஆர்என்ஏவை ஒரு வெட்டும் கருவி வாசிக்கிறது. வேண்டாத இடைத்துண்டுகளான இன்ட்ரான்களை வெட்டி எறிந்து, வேண்டிய துண்டுகளான எக்ஸான்களை ஒட்டும் ஸ்ப்ளைசிங் கருவி. அதற்குக் கோடான், கிளைசின் எதுவும் தெரியாது. எழுத்து வரிசை மட்டும்தான் தெரியும்.

இலக்கண வகுப்பில் 'செம்பொன்பதின்தொடி' படித்திருப்பீர்கள். செம்பொன் பதின்தொடி என்று பிரித்தால் பொன், பத்து. செம்பு ஒன்பதின்தொடி என்று பிரித்தால் செம்பு, ஒன்பது. எழுத்து அதேதான், எங்கே வெட்டுகிறோம் என்பதில் பொன் செம்பாகிவிடுகிறது. மரபணுவிலும் வெட்டும் இடம்தான் எல்லாம்.

இப்போது அந்த இடத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். இயல்பான வரிசை: சிஏஜி ஜிடிஜி ஜிஜிசி. மாறிய வரிசை: சிஏஜி ஜிடிஜி ஜிஜிடி. வெட்டும் கருவி தேடும் மாதிரி ஏறக்குறைய 'சிஏஜி, ஜிடிஏஏஜிடி'. கடைசி எழுத்து டி ஆனதும் இந்த இடம் அந்த மாதிரிக்கு இன்னும் நெருங்கிவிடுகிறது. கருவி ஏமாந்து, எக்ஸான் 11 முடிவதற்கு 150 எழுத்துக்கு முன்னாலேயே வெட்டிவிடுகிறது. 150 எழுத்து என்றால் 50 அமினோ அமிலம் போச்சு. போன துண்டுக்குள்தான், புரதத்தின் கொழுப்பு வாலை நறுக்கிவிட வேண்டிய இடமும் இருந்தது. அது இல்லாததால் வால் நறுக்கப்படாமல், புரதம் உட்கருவின் சவ்வில் ஒட்டிக்கொண்டு அதன் வடிவத்தையே கெடுக்கிறது. அதன் பெயர் புரோஜெரின்.

2003இல் இதைக் கண்டுபிடித்தபோது, பார்த்த 20 குழந்தைகளில் 18 பேருக்கு இதே ஒற்றை எழுத்து மாற்றம். பெற்றோரிடம் இல்லாமல் புதிதாக வந்தது. அந்த வாலை ஒட்டவிடாமல் தடுக்கும் லோனாஃபார்னிப் மருந்துக்கு 2020 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

குட்டியின் அப்பா:
நான் இந்தத் துறை இல்லை. என் மகளுக்கு எஸ்எம்ஏ, முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவு நோய். அவளுக்கு எஸ்எம்என்1 மரபணு இல்லை, எஸ்எம்என்2 மூன்று பிரதி இருக்கிறது என்று ரிப்போர்ட். எஸ்எம்என்2இல் 'ஒரே ஒரு எழுத்துதான் முக்கியமான வித்தியாசம், அதுவும் புரதத்தை மாற்றாது' என்று டாக்டர் சொன்னார். மாற்றாது என்றால் அது ஏன் எஸ்எம்என்1இன் வேலையைச் செய்யவில்லை என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதுவும் அந்த வெட்டுதானா?

நுண்ணோக்கி:
ஆமாம் சார், அதுவேதான். ஏழாவது எக்ஸானின் ஆறாவது எழுத்து எஸ்எம்என்1இல் சி, எஸ்எம்என்2இல் டி. இரண்டுமே ஃபினைல்அலனின். ஆனால் 'இந்த எக்ஸானை விட்டுவிடாதே' என்று கருவிக்குச் சொல்லும் குறிப்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது. எழுத்து மாறியதும் குறிப்பு கலைந்துவிடுகிறது. எஸ்எம்என்2 உண்டாக்கும் ஆர்என்ஏவில் சுமார் 90 சதவீதத்தில் ஏழாவது எக்ஸான் விடுபட்டு, அந்தப் புரதம் சீக்கிரமே அழிந்துபோகிறது. மீதி 10 சதவீதம் முழுமையானது. அதனால்தான் எஸ்எம்என்2 பிரதி கூடக்கூட நோயின் கடுமை பொதுவாகக் குறைகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புரதம் மாறவில்லை என்பதே இங்கே மருத்துவத்துக்கு வழிவிட்டது. எக்ஸானைத் திரும்பச் சேர்க்க வைத்தால் போதும், வருவது நல்ல புரதம். 2016இல் அனுமதி பெற்ற நுசினெர்சென், 2020இல் வந்த ரிஸ்டிப்லாம் இரண்டும் செய்வது அதைத்தான்.

குட்டியின் அப்பா:
நான்கு வருஷமாக யாரும் இதை இப்படிச் சொல்லவில்லை அம்மா. மிக்க நன்றி.

வைகைக்கரை:
அப்படியென்றால் லோவைத் தள்ளும் வரியை எடுத்துவிடட்டுமா? எடுத்துப் பார்த்தேன், ஒரே ஆளுக்கு 10,000க்கும் மேல் சினானிமஸ் வருகிறது. இதில் எதை என்று பார்ப்பது?

நுண்ணோக்கி:
அப்படியே திறந்துவிடாதீர்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவைதான். இந்த வரிசையில் போங்கள்.

முதலில், கிளின்வார் தரவுத்தளத்தில் நோய்க்காரணி என்று பதிவானது எதுவானாலும், முத்திரை எதுவானாலும் உள்ளே வரட்டும். உங்கள் எல்எம்என்ஏ அங்கேயே பிடிபடும். அப்புறம், எந்த மாற்றம் எவ்வளவு பரவலானது என்று காட்டும் நோமாட் தரவுத்தளத்தைப் பார்த்து, மக்களிடம் பரவலாக இருப்பதை நீக்குங்கள். மிஞ்சியதில், ஸ்ப்ளைசிங் கெடுமா என்று கணிக்கும் ஸ்ப்ளைஸ்ஏஐ மதிப்பு 0.2க்கு மேல் இருப்பதை மட்டும் வையுங்கள். 0.5க்கு மேல் என்றால் கவனமாகப் பாருங்கள்.

விஇபி ஒரே மாற்றத்துக்கு இரண்டு மூன்று முத்திரை போடும். 'ஸ்ப்ளைஸ் ரீஜன்', அதாவது வெட்டும் இடத்தை ஒட்டியது என்பதும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஏதோ ஒரு சொல்லை மட்டும் வாசிக்கும் ஸ்கிரிப்ட் அதைத் தவறவிடலாம். எக்ஸானின் கடைசி எழுத்து பெரும்பாலும் ஜி; அது மாறினால் சினானிமஸாகவே இருந்தாலும் நான் ஒருபோதும் கடந்துபோக மாட்டேன்.

கணினி சொல்வது சந்தேகம்தான், சாட்சி ஆர்என்ஏ. புது ரத்தத்தில் ஆர்என்ஏ எடுத்து, ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏ ஆக்கிப் பெருக்கும் முறை) செய்து ஜெல்லில் ஓட்டுங்கள். எக்ஸான் விடுபட்டிருந்தால் இரண்டாவது பட்டை கீழே நிற்கும். ஆனால் அந்த மரபணு ரத்தத்தில் வேலை செய்கிறதா என்று முன்பே பாருங்கள். எல்எம்என்ஏ போன்றவற்றுக்குத் தோல் செல் வேண்டும்.

எஸ்எம்என்ஐ இதில் தேடாதீர்கள். எஸ்எம்என்1, எஸ்எம்என்2 இரண்டும் ஏறக்குறைய ஒரே வரிசை என்பதால் சின்னத் துண்டு எதிலிருந்து வந்தது என்று மென்பொருளுக்குத் தெரியாது. அதற்கு, மரபணுப் பிரதிகளை எண்ணும் எம்எல்பிஏ சோதனைதான்.

தாமரைக்குளம்:
ஸ்ப்ளைசிங் மட்டும்தானா? வேறு வழியில் கெடுக்காதா?

நுண்ணோக்கி:
கெடுக்கும், ஆனால் நிரூபிப்பது கடினம். ஞாயிறு என்றாலும் பரிதி என்றாலும் பொருள் ஒன்று. வெண்பாவில் ஒன்றுக்குப் பதில் மற்றதை வைத்தால் தளை தட்டலாம். அதுபோல அரிதான கோடான் வந்தால் ரைபோசோமின் நடை மாறி, புரதம் மடியும் விதமும் மாறலாம். எம்டிஆர்1 மரபணுவின் 3435ஆம் எழுத்தில் சி, டி ஆகும் மாற்றத்தைப் பற்றி 2007இல் அப்படித்தான் காட்டினார்கள். எஃப்9 மரபணுவில் ஜிடிஜி, ஜிடிஏ ஆகி லேசான ஹீமோஃபிலியா பி (ரத்தம் சரியாக உறையாத நோய்) வருவதும் உண்டு. ஆனால் உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு முதலில் ஸ்ப்ளைசிங்கைப் பிடியுங்கள்.

வைகைக்கரை: (9 நாள் கழித்து)
12க்கு 12 வந்துவிட்டது. அப்புறம் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று மூடிவைத்திருந்த பழைய கோப்புகளையும் வழிகாட்டியின் அனுமதியோடு திரும்ப ஓட்டினேன். ஒன்றில், அந்த நோயாளியின் அறிகுறிகளோடு பொருந்தும் மரபணுவில், எக்ஸானின் கடைசி எழுத்து ஜி, ஏ ஆகியிருக்கிறது. முத்திரையில் சினானிமஸ், ஸ்ப்ளைஸ் ரீஜன் இரண்டும் இருக்கின்றன. குடும்பத்தைத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை ஆர்என்ஏவுக்கு ரத்தம் எடுக்கிறோம்.

நுண்ணோக்கி:
அப்பா, அம்மா இருவரிடமும் சேர்த்தே எடுங்கள். நோயில்லாத ஒருவரின் ஆர்என்ஏவையும் பக்கத்துக் குழியில் ஓட்டுங்கள், ஒப்பிட வேண்டும். ஜெல் படத்தை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.