கைப்பேசியின் ஐஎம்இஐ எண் பெட்டியோடு ஒத்துப்போகவில்லை: விற்றால் குற்றமா?

புதுவரவு: பயன்படுத்திய கைப்பேசி ஒன்றை வாங்கினேன். பெட்டியில் உள்ள ஐஎம்இஐ எண்ணும் (கைப்பேசியை அடையாளம் காட்டும் 15 இலக்க எண்) திரையில் தெரியும் எண்ணும் வேறுபடுகின்றன. இதை விற்றால் என்மீது வழக்கு வருமா? மாலையில் ஒருவர் வாங்க வருகிறார், விரைவாகச் சொல்லுங்கள்.

கூழாங்கல்: *#06# அழுத்திப் பார்த்தீர்களா? இரட்டை சிம் கைப்பேசி என்றால் இரண்டு எண்கள் வரும், இரண்டையும் ஒப்பிட்டீர்களா? ரசீது இருக்கிறதா?

பட்டறைவாசி: மதர்போர்டை, அதாவது உள்ளே இருக்கும் முதன்மை மின்சுற்றுப் பலகையை, மாற்றியிருப்பார்கள், வேறொன்றும் இருக்காது. போர்டோடு எண்ணும் மாறும், பெட்டி மட்டும் பழையதாக இருக்கும். தயங்காமல் விற்றுவிடுங்கள்.

சட்டப்பித்தன்: சட்டத்தைப் புரட்டாமலே தீர்ப்பு வழங்கும் பட்டறைவாசிக்கு வணக்கம். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், பிரிவு 42(3)இன்படி, ஐஎம்இஐ போன்ற அடையாள எண்ணைத் திருத்துவது மட்டுமன்றி, திருத்தப்பட்டது என்று அறிந்தே அக்கருவியை வைத்திருப்பதும் குற்றம். மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவு 26.06.2024 முதல் நடைமுறையில் உள்ளது. இதெல்லாம் அடிப்படைப் பாடம்.

ஏடகம்: அத்தனை தூரம் போவானேன்? தீங்கு செய்யும் நோக்கத்தோடு சொத்துக் குறியை அழிப்பவருக்கு ஓராண்டு வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதா 346ஆம் பிரிவிலேயே இருக்கிறதே. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 489தான் அது.

சட்டப்பித்தன்: சொத்துக் குறி என்பது பொருள் இன்னாருக்கு உரியது என்று காட்டுவது. ஐஎம்இஐ தயாரிப்பாளர் இடும் எண். அது உரிமையாளர் யார் என்று சொல்வதில்லை.

ஏடகம்: அப்படியானால் வண்டியின் சேசிஸ் எண்ணைச் சுரண்டுபவர் தப்பிவிடுவாரா?

சட்டப்பித்தன்: திருட்டு வண்டியை மறைக்க உதவுவதற்கு அதே சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பிரிவில் அடைக்க வேண்டியதில்லை.

கூழாங்கல்: வாதம் கிடக்கட்டும். போர்டு மாறியதா, எண்ணைத் திருத்தினார்களா என்பதை இங்கிருந்து எவராலும் சொல்ல முடியாது. புதுவரவு அவர்களே, கேஒய்எம் (KYM) என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு, 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தடைப்பட்டியலில் உள்ளது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால், அதன்பிறகு நீங்கள் அறியாமல் வைத்திருந்ததாகச் சொல்வது கடினம். விற்பனையை நிறுத்திவிட்டு, ரசீதோடு காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவியுங்கள்.

புதுவரவு: அனுப்பினேன். ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று வந்திருக்கிறது. மாலையில் வருபவரை வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

கூழாங்கல்: நல்லது. ரசீது இருக்கிறதா என்பதை இன்னும் சொல்லவில்லையே?