புதுப்பிப்பு: ஓசூர் பெண் தொழில்முனைவோரும் மின் நிறுவனக் கொள்முதலும்

ஓசூர் சிட்கோ தொழிற்பேட்டையில் மின்கம்பங்களுக்கான கிராஸ் ஆர்ம் (கம்பிகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) தயாரிக்கும் பெண் ஒருவரை, முன் அனுபவம் போதாது என்று மத்தியப் பொதுத்துறை மின் நிறுவனம் ஒன்று நிராகரித்ததை முன்பு எழுதியிருந்தேன். அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் அவருடைய உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) ஏற்கப்பட்டு, ஒப்பந்தப்புள்ளியோடு கட்ட வேண்டிய முன்வைப்புத்தொகையிலிருந்து விலக்கும் கிடைத்தது.

விலையில் பெரிய நிறுவனம் 100 ரூபாய் என்றால் இவருடையது 112. ஆனாலும், குறு, சிறு நிறுவனம் கேட்ட விலை குறைந்தபட்ச விலையைவிட 15 சதவீதத்துக்குள் இருந்து, அந்தக் குறைந்த விலைக்கே தரச் சம்மதித்தால், பிரித்துத் தரக்கூடிய கொள்முதலில் ஒரு பங்கை அதற்கு அளிக்க வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை. கால்வனைசிங் (துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசுதல்) கூலியைக் கிலோக் கணக்கில் மறுபடியும் போட்டுப் பார்த்தபின் அவர் சம்மதித்தார்; பகுதி ஆர்டர் கிடைத்துவிட்டது.

வாங்கி விற்கும் வணிகர்களுக்கும் இந்தச் சலுகை பொருந்துமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள், பொருந்தாது.

மத்திய அரசுத் துறைகள், பொதுத்துறை நிறுவனங்களின் மொத்த ஆண்டுக் கொள்முதலில் குறு, சிறு நிறுவனங்களுக்கான 25 சதவீதத்துக்குள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 4, பெண்களுக்கு 3 என உள்ளிலக்குகள் உண்டு. கலிபோர்னியாவில் 1988 முதலே மின், எரிவாயு நிறுவனங்கள் பெண்கள், சிறுபான்மையினரிடம் வாங்கியதை ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஆண்டுதோறும் அறிக்கையாகத் தருகின்றன. நம் பக்கம் மாவட்டவாரியாகவே அக்கணக்கு வெளிவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் பில் சமர்ப்பிக்கப்பட்டுள்ளது. சட்டப்படி 45 நாட்களுக்குமேல் தாமதித்தால் கூட்டு வட்டி கேட்கலாம் என்பதை அவரிடம் சொல்லியிருக்கிறேன்.