ஆறு விரிவுரையாளர்களைத் தயார்படுத்த இரண்டு நாள் செயலமர்வு போதுமா?

வாவிக்கரை:
அம்பாறைப் பக்கம் பொறியியல் கற்பிக்கும் ஆறு பேர், பேறுமையக் கல்விக்கு (படித்து முடித்த மாணவர் எதைச் செய்யவேண்டும் என்பதிலிருந்து பாடத்தைத் திட்டமிடும் முறை) மாறும் வேலையை முன்னின்று நடத்தவேண்டும். கையிலிருப்பது இரண்டு நாள் செயலமர்வு மட்டும். அடுத்த செமஸ்டருக்குள் வகுப்பறையில் ஏதாவது மாறவேண்டும். எங்கே தொடங்கலாம்?

சவுக்குமரம்:
செயலமர்வு அரை நாள் போதும். மிச்சத்தைப் பாடநெறியிலேயே செலவிடுங்கள். ஆறு பேர் ஆறு பாடம் எடுத்தால் ஒன்றும் முடியாது; இருவருக்கு ஒன்றாக மூன்று.

முதலில் கற்றல் பேறு எழுத உட்காரவேண்டாம். சென்ற வருட வினாத்தாளை எடுத்து, ஒவ்வொரு வினாவும் எந்தப் பேற்றை அளக்கிறது என்று பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பாட விவரத்தில் "வடிவமைப்பர்" என்றிருக்கும். தாளில் சூத்திரத்தில் எண் போடும் கணக்குத்தான் இருக்கும். அதைக் கண்ணால் கண்டவருக்கு விரிவுரை தேவையில்லை.

அடுத்தது பொருத்த அட்டவணை: எந்தப் பாடம் எந்தப் பட்டதாரிப் பண்பை, அதாவது பட்டம் பெறுபவரிடம் இருக்கவேண்டிய திறனை, வளர்க்கிறது என்று காட்டும் கட்டங்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல், பொறியியல் பட்ட அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு அங்கத்துவம் பெற்றது. அங்கீகாரத்துக்கு பட்டதாரிப் பண்புகளைச் சான்றோடு காட்டவேண்டும். பயத்தில் எல்லாக் கட்டத்திலும் சரி போடுவார்கள். பாடத்துக்கு இரண்டு பண்பு, மிஞ்சினால் மூன்று. ஒவ்வொரு சரிக்கும் விடைத்தாள் கேட்பேன் என்று சொல்லிவையுங்கள், தானாகக் குறையும்.

பிறகு ஒவ்வொரு மட்டத்தையும் வசனத்தில் விவரிக்கும் ஒரே புள்ளித்திட்டத்தில் 10 மாணவர் அறிக்கைகளை இருவர் தனித்தனியே திருத்தட்டும். நான்கு மட்டங்களில் ஒன்றுக்கு மேல் விலகினால், அந்த மட்டத்தை விவரித்த வசனம்தான் பிழை.

கல்லோயா:
மணிக்கணக்கை மறக்காதீர்கள். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் 1 கிரெடிட் என்றால் மாணவர் கற்கச் செலவிடும் 50 மணி. மூன்று கிரெடிட்டுக்கு 150. விரிவுரை 36, ஆய்வுகூடம் 18 போனால் மிச்சம் 96. ஒப்படையும் பரீட்சைப் படிப்பும் அதற்குள்தான். புதிய செயற்றிட்டம் சேர்த்தால் பழைய ஒப்படை ஒன்று போகவேண்டும்.

செயற்றிட்டத்துக்கு வெகுதூரம் தேடவேண்டாம். ஒலுவில் துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்கிறது, வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை அரிபடுகிறது. மணல் நகர்வு, அலைதாங்கி வடிவமைப்பு, மீனவர் பாதிப்பு மூன்றும் ஒரே இடத்தில். ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தரை முதல் கூட்டத்திலேயே அமர்த்துங்கள், கருவி எத்தனை என்பது அவருக்குத்தான் தெரியும். மாரி வெள்ளத்தில் களவேலை வைக்காதீர்கள்!

தொடர்மதிப்பீட்டு வீதத்தை மாற்றுவதானால் செமஸ்டர் தொடங்குமுன் பீடச் சபையில் நிறைவேற்றுங்கள். இடையில் மாற்றினால் மாணவர் முறையீட்டுக்கு வழி.

நிழல்வாகை:
நியமனம் உறுதிப்படுத்தப்படாத இளம் விரிவுரையாளரைத் தனியே முன்னிறுத்தவேண்டாம். ஒவ்வொரு சோடியிலும் ஒரு சிரேஷ்டர். வாரம் இரண்டு மணி கற்பித்தல் குறைப்பும் எழுத்தில் வேண்டும், வாய்ச்சொல் நேர அட்டவணையில் ஏறாது.

வாவிக்கரை:
வினாத்தாளில் தொடங்குகிறோம். பழைய விடைத்தாளும் தேவைப்படுமா?

சவுக்குமரம்:
தேவை. பரீட்சைக் கிளைக்கு இப்போதே எழுதுங்கள். நல்லது, நடுத்தரம், குறைவு என்று மூன்று வகையிலும் எடுத்து, சுட்டெண்ணை மறைத்துப் பிரதி கேளுங்கள்.