பட்டனை அமுக்கி இரண்டு நொடி கழித்துப் படம் விழுகிறது. ஞாயிறு அரங்கேற்றம், அவசர உதவி

சயான்காரன் (செவ்வாய், இரவு 11.40)

அக்கா மகளுக்கு வரும் ஞாயிறு செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸில் பரதநாட்டிய அரங்கேற்றம். படம் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. இன்று மாட்டுங்காவில் ஒத்திகை நடந்தது. பட்டனை அமுக்கினால் கேமரா உடனே எடுப்பதில்லை. ஒரு நொடி, சில சமயம் இரண்டு நொடி ஆகிறது. தீர்மானம் (ஜதியை முடித்துவைக்கும் அடவுக்கோவை) முடிந்து அவள் அரைமண்டியில் கை நீட்டி நிற்கிற இடத்தில் சரியாக அமுக்கினேன். படத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறாள். 140 படத்தில் நான்கோ ஐந்தோதான் தேறும். பேட்டரி ஃபுல். என் போனில் இந்தத் தொல்லையே இல்லை. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

தாதர்_லோக்கல் (இரவு 11.52)

எந்த கேமரா? எந்த லென்ஸ்? ஆட்டோவா மேனுவலா? ஃப்ளாஷ் போட்டீர்களா? இவை தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

முலுண்ட்_மணி (இரவு 11.58)

மெமரி கார்டுதான். கண்ணை மூடிக்கொண்டு கார்டை மாற்றுங்கள்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். மச்சினன் கல்யாணத்துக்கு முதல் நாள் ஃபுட்பாத்தில் ஒரு 64 ஜிபி கார்டு வாங்கினேன். பாதி விலை. மறுநாள் முகூர்த்தம். கெட்டிமேளம் கொட்டுகிறார்கள், மாப்பிள்ளை கையில் தாலி இருக்கிறது, நான் ஆறு படம் எடுத்துவிட்டேன், ஏழாவதுக்கு கேமரா அசையவில்லை. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. அது அணைவதற்குள் மூன்றாவது முடிச்சும் போட்டாகிவிட்டது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் சோதித்தால், உள்ளே 8 ஜிபிதான் உண்மை, மீதி வெறும் ஸ்டிக்கர். மச்சினன் மனைவி இன்றைக்கும் அந்த மூன்றாவது முடிச்சுப் படத்தைக் கேட்கிறாள்.

கார்டு மேல் பெரிதாகப் போட்டிருக்கும் வேகம் படிக்கும் வேகம். நமக்கு வேண்டியது எழுதும் வேகம். கிளாஸ் 10 என்றால் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி, வி30 என்றால் 30 எம்பி. வி30 பார்த்து வாங்குங்கள்.

பழைய_லென்ஸ் (புதன், காலை 6.15)

கேமராவின் பெயரைக்கூடச் சொல்லாமல் அவசரம் என்று எழுதினால் எப்படி? பட்டனைப் பாதி அமுக்கி ஃபோகஸ் பிடித்து வைத்துக்கொண்டு, நேரம் வரும்போது மீதியை அமுக்க வேண்டும். இது முதல் பாடம். இதைத் தெரிந்துகொள்ளாமல் நேராக அரங்கேற்றத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலில் 36 படம். அதில் முப்பது தேறும், ஏனென்றால் அமுக்குவதற்கு முன் யோசித்தோம்.

கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸால் மேடை இருட்டில் ஒன்றும் ஆகாது. பழைய 50 எஃப் 1.8 டி லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை குறைவு. கூடவே ஒரு நல்ல ஃப்ளாஷ். வேலை முடிந்தது.

வாஷி_அக்கா (காலை 8.30)

தம்பி, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். தாமதம் எங்கே இருக்கிறது? அமுக்கியதற்கும் கிளிக் சத்தத்துக்கும் நடுவிலா? கிளிக் உடனே கேட்டு, படம் திரையில் வரத்தான் நேரம் ஆகிறதா? அல்லது முதல் படம் சரியாக விழுந்து அடுத்தது எடுக்க விடாமல் நிற்கிறதா? இவை மூன்றும் தனித்தனி வியாதி. கார்டு மெதுவாக இருந்தால் இரண்டாவதும் மூன்றாவதும்தான் வரும். முதல் கிளிக்கையே அது தாமதப்படுத்தாது. மணி சாருக்கு நடந்தது மூன்றாவது வகை. உங்களுடையது முதல் வகை போலத் தோன்றுகிறது, ஆனால் நீங்கள் சொன்னால்தான் உறுதி.

இன்னொன்று, திரையைப் பார்த்து எடுக்கிறீர்களா, வ்யூஃபைண்டரில் கண் வைத்தா?

சயான்காரன் (காலை 9.05)

ட்ரெய்னில் இருக்கிறேன். நிக்கான் டி5600, கூட வந்த 18-55 கிட் லென்ஸ், போன மாதம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஆட்டோ. கிளிக் சத்தமே லேட். அதற்கு முன் முன்பக்கம் ஒரு விளக்கு எரிகிறது.

தாதர்_லோக்கல் (காலை 9.20)

பழைய_லென்ஸ் சார், அந்த 50 டி லென்ஸ் டி5600-இல் தானாக ஃபோகஸ் ஆகாது. அந்த கேமரா உடம்பில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்க வேண்டும். 50 எஃப் 1.8 ஜி அல்லது 35 எஃப் 1.8 ஜி என்றால் ஓடும். அவர் காசு கொடுத்து டி வாங்கிவந்து ஞாயிற்றுக்கிழமை கையால் திருப்பிக்கொண்டிருக்கக் கூடாது.

பழைய_லென்ஸ் (காலை 9.41)

கையால் திருப்பினால் என்ன குறை? நான் இருபது வருடம் கையால்தான் திருப்பினேன். தானியங்கி ஃபோகஸையே நம்பிக் கிடப்பதுதான் இவருடைய பிரச்சினையே.

ஜதி_சொல்பவள் (பகல் 1.10)

நான் புகைப்படக்காரி இல்லை, முலுண்டில் நடன வகுப்பு எடுக்கிறேன். கேமராவைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். ஃப்ளாஷ் மட்டும் வேண்டாம், கையெடுத்துக் கேட்கிறேன். ஒற்றைக் காலில் நடராஜர் நிலையில் நிற்கும் பெண் எதிரே ஒரு புள்ளியில் பார்வையைக் குத்தி வைத்துத்தான் நிற்கிறாள். முன்வரிசையிலிருந்து பளிச்சென்று அடித்தால் அந்தப் புள்ளி போய்விடும், கால் ஆடிவிடும். என் மாணவி ஒருத்திக்கு இது நடந்திருக்கிறது. ஏழு வருடம் கற்றுக்கொண்டு வந்த பெண், அன்று இரவு அழுதாள்.

பழைய_லென்ஸ் (பகல் 2.00)

மேடை விளக்கு போதாத இடத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் மங்கலான படம்தான் கிடைக்கும். பிறகு அதே பெற்றோர்தான் முகம் தெரியவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். கூரையில் பட்டுத் திரும்பும்படி அடித்தால் கண் கூசாது.

தாதர்_லோக்கல் (பகல் 2.15)

அரங்கத்தின் கூரை எவ்வளவு உயரம்? அதுவரை போய்த் திரும்பி மேடைக்கு வருவதற்குள் வெளிச்சத்தில் என்ன மிச்சம் இருக்கும்? வீட்டுப் பிறந்தநாளுக்கு அது சரி.

ஜதி_சொல்பவள் (பகல் 2.31)

முகம் தெரியவில்லை என்றால் ஒளியமைப்பவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஆடுபவள் கண்ணில் அடிக்காதீர்கள்.

சிவ்ரி_பூநாரை (மாலை 4.50)

நான் சிவ்ரி சேற்றில் பூநாரை எடுப்பவன். பறவை கிளம்பிப் பறக்கும்போது ஏஎஃப்-சி (விடாமல் தொடரும் ஃபோகஸ்) வைத்தால்தான் ஃபோகஸ் பின்தொடரும். நடனத்துக்கும் அதையே வையுங்கள். ஒருமுறை பிடித்து நிறுத்தும் ஏஎஃப்-எஸ்ஸில் ஃபோகஸ் கிடைக்கும்வரை ஷட்டர் திறக்காது. இருட்டில் அது தேடித் தேடி நிற்கும். உங்கள் தாமதம் அதுவாகவும் இருக்கலாம்.

தாதர்_லோக்கல் (மாலை 6.05)

சயான்காரன் எங்கே? திரையா வ்யூஃபைண்டரா என்று அக்கா கேட்டதற்குப் பதில் வரவில்லை.

சயான்காரன் (வியாழன், இரவு 10.15)

மன்னிக்கவும், ஆபீஸில் மாட்டிக்கொண்டேன். திரையைப் பார்த்துத்தான் எடுக்கிறேன், எல்லோரும் அப்படித்தானே? மேலே இருக்கும் ஓட்டையில் பார்த்தால் எல்லாம் மங்கல். கண்ணாடி போட்டாலும் மங்கல். உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அதை விட்டுவிட்டேன். போரா பஜாரில் காட்டினால் சனிக்குள் சரிசெய்து தருவார்களா?

வாஷி_அக்கா (இரவு 10.40)

தம்பி, அது கெட்டுப்போகவில்லை. ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள். அந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னத் திருகு இருக்கும், விரல் நகத்தால் திருப்பலாம். பார்ப்பவரின் கண்ணுக்கு ஏற்ப வைக்கும் டயாப்டர் அது. பழைய சொந்தக்காரர் தன் கண்ணுக்கு வைத்திருக்கிறார். நீங்கள் வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு உள்ளே பாருங்கள். எதிரே இருக்கும் மனிதரைப் பார்க்காதீர்கள், கீழே தெரியும் எண்களைப் பாருங்கள். அவை கூர்மையாகத் தெரியும்வரை திருகைத் திருப்புங்கள். நானும் கண்ணாடிக்காரிதான், கேமரா வாங்கி ஒரு வருடம் கழித்துத்தான் இது எனக்குத் தெரிந்தது.

இனி தாமதத்துக்கு வருவோம். உங்கள் கேமராவில் ஃபோகஸ் பிடிக்க இரண்டு வழி இருக்கிறது. வ்யூஃபைண்டரில் பார்க்கும்போது கேமராவுக்குள் இருக்கும் பிரதிபலிக்கும் கண்ணாடி (மிரர்) கீழே இறங்கி நிற்கும். வெளிச்சத்தில் ஒரு பங்கு ஃபோகஸுக்கென்றே இருக்கும் தனி சென்சாருக்குப் போகும். லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அது ஒரே பார்வையில் சொல்லிவிடும். திரையைப் போட்டால் அந்தக் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், தனி சென்சார் குருடாகிவிடும். அப்புறம் கேமரா லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே படம் கூர்மையாகிறது என்று தடவித் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேடை இருட்டில், ஆடிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் அதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். உங்கள் போனில் இந்தத் தாமதம் இல்லாததற்குக் காரணம், போன் முதலிலிருந்தே திரைக்காகச் செய்தது. கண்ணாடி உள்ள கேமரா அப்படி இல்லை.

முன்பக்க விளக்கு இரண்டாவது காரணம். அது சிவப்புக்கண் தடுப்பு. ஃப்ளாஷ் அடிப்பதற்கு முன் ஒரு நொடி அந்த விளக்கை எரித்து, எதிரே இருப்பவரின் கண்மணியைச் சுருங்க வைக்கிறது. அந்த ஒரு நொடிதான் உங்கள் தீர்மானத்தைத் தின்றது. இதையும் பழைய சொந்தக்காரர் போட்டு வைத்திருக்கலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மோட் டயலை ஒட்டிய எல்வி (லைவ் வ்யூ) லீவரால் திரையை அணையுங்கள். ஆட்டோவை விட்டு ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் எஸ் மோடுக்குப் போங்கள், அதில் ஃப்ளாஷ் தானாக எழும்பாது. ஷட்டர் நொடியில் 250-இல் ஒரு பங்கு, நின்ற நிலைக்கு 125 போதும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ, உச்சம் 6400. கொஞ்சம் மணல் மணலாகத் தெரியும், பரவாயில்லை. ஒற்றைப் புள்ளி ஃபோகஸ், நடுப்புள்ளி. 39 புள்ளிகளில் நடுவில் இருக்கும் 9 தான் நெடுக்கும் குறுக்கும் பார்க்கும் குறுக்கு வகை, இருட்டில் அவைதான் நம்பகமானவை. கொலுசின் மேல் வைக்காதீர்கள், முகத்தில் வையுங்கள். பழைய_லென்ஸ் சார் சொன்ன பாதி அமுக்கு சரியான அறிவுரை, அதைப் பழகுங்கள். பணம் இருந்தால் 50 ஜி லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். கிட் லென்ஸ் 55-இல் எஃப் 5.6. எஃப் எண் சின்னதானால் திறப்பு பெரிது. எஃப் 1.8-க்கு வந்தால் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும்.

பழைய_லென்ஸ் (வெள்ளி, காலை 6.20)

பாதி அமுக்கு என்று நான் முதல் நாளே சொன்னேன். 50 டி விஷயத்தில் மோட்டார் பற்றிச் சொன்னது சரி, நான் வேறு கேமராவை நினைத்துவிட்டேன்.

ஜதி_சொல்பவள் (காலை 11.00)

தம்பி, இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேமரா எவ்வளவு வேகமானாலும், கண்ணால் பார்த்த பிறகு அமுக்கினால் கொஞ்சம் பிந்தித்தான் விழும். தீர்மானம் பெரும்பாலும் மூன்று முறை வரும். அதே சொற்கட்டு, அதே அடவு. முதல் சுற்றில் அவள் எங்கே வந்து நிற்கிறாள் என்று பாருங்கள். இரண்டாவதில் அந்த இடத்தில் ஃபோகஸ் பிடியுங்கள். மூன்றாவதில் கடைசிச் சொல் நட்டுவாங்கத்தில் விழும்போது அமுக்குங்கள். தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டே எடுங்கள், கண்ணைவிடக் காது முந்தும். ஞாயிறுக்கு முன் அவள் வீட்டில் பழகும்போது ஒரு அலாரிப்புக்கு உட்கார்ந்து பாருங்கள், போதும்.

சிவ்ரி_பூநாரை (பகல் 12.20)

இது பறவைக்கும் பொருந்தும். கிளம்புவதற்கு முன் கழுத்தை நீட்டும், அப்போதே அமுக்க ஆரம்பித்துவிட வேண்டும்.

சயான்காரன் (திங்கள், காலை 7.50)

திருகைத் திருப்பினேன், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஃப்ளாஷ் போடவில்லை. அமுக்கினால் உடனே விழுகிறது. தில்லானாவில் கடைசித் தீர்மானம், மூன்றாவது சுற்று, ஜதி அக்கா சொன்ன மாதிரியே கிடைத்துவிட்டது. நெற்றிச்சுட்டி ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்த படம். வீட்டில் பெரிதாக்கி மாட்டச் சொல்லிவிட்டார்கள். நடுவில் ஒருமுறை மட்டும் வரிசையாக எடுக்கும்போது நின்றுவிட்டது. எல்லோருக்கும் நன்றி, ஆபீஸுக்கு ஓடுகிறேன்.

முலுண்ட்_மணி (காலை 8.02)

வரிசையாக எடுக்கும்போது நின்றது கார்டுதான். ரா என்னும் பெரிய ஃபைல், ஜேபெக் இரண்டும் சேர்த்து எடுத்தீர்களா? என்ன கார்டு போட்டிருந்தீர்கள்?

முலுண்ட்_மணி (புதன், இரவு 9.30)

சயான்காரன், கார்டின் பெயரும் வேகமும் பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த கல்யாணத்துக்கு முன்னாலாவது மாற்றிவிடலாம்.