வன்தட்டிலிருந்தே விண்டோஸ் 98 நிறுவிய அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், சென்ற தீபாவளிக்கு முன்பு ஒரு பழைய வன்தட்டை (ஹார்ட் டிஸ்க்) துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். தோட்டம் கைமாறி லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) காலியாவதற்கு முன், எந்தக் குடும்பம் எந்த லயத்தில் இருந்தது, மாரியம்மன் திருவிழாவில் எந்த நாள் யாருடைய உபயம் என்பதையெல்லாம் அவர் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். “ஆளுக்கொரு பக்கமாய்ப் போய்விட்டோம் தம்பி, இந்தப் பட்டியல்தான் மிச்சம்” என்றார்.

கோப்புகள் கெடவில்லை. ஆனால், இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய தமிழ்ச் செயலி ஒன்று தனக்கே உரிய வடிவத்தில் அவற்றைச் சேமித்திருந்ததால், என் கணினியில் புரியாத குறிகளாகவே தெரிந்தன. அந்தச் செயலியின் நெகிழ்தட்டுகளை (ஃபிளாப்பி) ஐயா பத்திரமாக வைத்திருந்தார். அது ஓடுவதற்கு விண்டோஸ் 98 வேண்டியிருந்தது.

அவருடைய பேரன் ஒதுக்கிவைத்திருந்த பெண்டியம் 4 கணினி கிடைத்தது. அதன் சிடி இயக்ககமோ எந்த வட்டையும் படிக்கவில்லை. விண்டோஸ் 98இன் நிறுவல் நிரல், கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் பழைய இயங்குதளமான டாஸிலிருந்தே ஓடும் என்பதும், அதற்கு வேண்டிய ‘கேப்’ எனும் சுருக்கப்பட்ட கோப்புகள் அனைத்தும் சிடியில் ‘வின்98’ என்ற ஒரே கோப்புறையில் உள்ளன என்பதும் அப்போது கைகொடுத்தன. தொடக்க நெகிழ்தட்டால் கணினியை இயக்கி, வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரல் மூலம் அந்தக் கணினியின் வன்தட்டை சி, டி என இரண்டாகப் பிரித்து, இரண்டையும் விண்டோஸ் 98 படிக்கக்கூடிய ஃபேட்32 வடிவில் ஃபார்மட் செய்தேன். பிறகு அந்த வன்தட்டைக் கழற்றி என் கணினியில் பொருத்தி, அந்தக் கோப்புறையை டி பகுதிக்கு நகலெடுத்தேன். சி பகுதியில் வைக்காததற்குக் காரணம், நிறுவல் பாதியில் கெட்டால் சி பகுதியை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம் என்பதுதான். அப்படியே ஒருமுறை செய்யவும் நேர்ந்தது.

கோப்புகள் நகலாகி முதல்முறை விண்டோஸ் எழும்போது, நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்போடு நின்றுவிட்டது. அந்தக் கணினியில் இருந்ததோ 1 ஜிபி நினைவகம்! நிறுவல்தான் கெட்டுவிட்டதென்று எண்ணி, சி பகுதியை அழித்து மறுபடி நிறுவியும் அதே அறிவிப்பு வந்தது. நினைவகம் 512 எம்பியைத் தாண்டும்போது, வட்டிலிருந்து படித்தவற்றைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ‘விகேஷ்’ என்ற கூறு, இருக்கும் அளவைப் பார்த்து முகவரி இடத்தின் பெரும்பகுதியைத் தனக்கே ஒதுக்கிக்கொள்ளக்கூடும் என்பதையும், அதனால் மற்றவற்றுக்கு இடமில்லாமல் போகும் என்பதையும் பிறகே அறிந்தேன். விண்டோஸின் அமைப்புக் கோப்பான சிஸ்டம்.இனியில் அந்த அளவுக்கு வரம்பு கட்டலாம். நான் இரண்டு 512 எம்பி நினைவகப் பலகைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டேன், விண்டோஸ் எழுந்தது.

அதன் பின் ஒவ்வொரு வன்பொருளை அடையாளம் காணும்போதும் வழக்கமாகக் கேட்கும் சிடியை அது கேட்கவே இல்லை. வேண்டியவற்றை டி பகுதியிலிருந்தே எடுத்துக்கொண்டது. வேலை செய்யும் இயக்ககம் இருந்தாலும் இந்த முறையையே பரிந்துரைப்பேன்.

செயலி திறந்ததும் ஐயா திரையருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூன்றாம் லயத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். குடும்பப் பட்டியலை வெறும் எழுத்துக் கோப்பாக வெளியெடுத்து யூனிகோடுக்கு மாற்றி, அவருடைய பேரனின் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டேன். உபயக் கணக்கில் இன்னும் பதினொரு கோப்புகள் மாற்றப்படாமல் இருப்பதால், டி பகுதியை அப்படியே வைத்திருக்கிறேன்.